அழுகிறவளின் கன்னம்

பிஷ்கேக், 11 பிப்ரவரி 1994

அன்புள்ள ஜூரா அக்காவுக்கு,

ஆடு மாடு குதிரை எல்லாம் சுகமா? ஷார்ஷென் அத்தான் சுகமா? நீ சுகமா? நான் சுகம்தான். எங்கள் கட்டடத்து வெந்நீர்க் குழாய்தான் படுத்துக் கிடக்கிறது. குளித்து வெகு நாளாகிறது, கிட்டே வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

ஒரு நல்ல சேதி. அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் பழைய புத்தகம் ஒன்றின் கோப்புகள் கிடைத்திருக்கின்றன. நம் பழைய அத்தான் சாதிக்பெக்குடைய சிற்பங்களைப் பற்றி எண்பத்து மூன்றில் இங்கே தயாரித்த புத்தகம். கட்டுரை, புகைப்படங்கள், அச்சகத்து மெய்ப்பு எல்லாம் தயாராகி, கடைசியில் அச்சேறாமலே நின்றுபோயிருக்கிறது. காகிதம் கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னார்களாம். ஜூனில் அவருக்கு அறுபது வயது நிறைகிறது. அதற்குள் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று இயக்குநர் எல்லாவற்றையும் என் மேஜையில் கொட்டிவிட்டார்.

அட்டையில் யார் தெரியுமா? நீ! 'அழுகிறவள்' என்ற அந்தத் தலைச் சிற்பம். அப்பா இறந்த துக்கத்தில் நம் பெண்களின் வழக்கப்படி நீ கன்னத்தை நகத்தால் கிழித்துக்கொண்டாய் என்றும், அதைக் கண்ட அத்தான் அந்த முகத்தின் மேலேயே அச்செடுத்தார் என்றும் கட்டுரையில் இருக்கிறது. அது எந்த மாதம், எங்கே வைத்து எடுத்தார் என்று எழுது. படத்துக்குக் கீழே போட வேண்டும்.

இன்னொன்று. அதையே ஆளுயரத்தைவிடப் பெரிதாக வெண்கலத்தில் வார்த்து, நம் கோச்கோர் ஊருக்குப் பரிசாகத் தரப் போகிறார். சந்தை முனையில் நிற்குமாம். நீ அவரை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் மனிதர் மறக்கவில்லை பார்.

கோபம் மட்டும் குறையவே இல்லை. நேற்று படமெடுக்க வந்த பையன் விளக்கைத் தப்பான பக்கம் வைத்தான் என்று சாம்பல் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார். அவனுக்குப் புருவம் பிளந்துவிட்டது. "கலைஞன்டா, கை நிக்காது"ன்னு இயக்குநர் அவனிடம் சொல்கிறார், சிரித்துக்கொண்டே.

உன் தங்கை,
சாய்ராகுல்


அட்-பாஷி மேய்ச்சல், 2 மார்ச்

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. குதிரை சுகம். ஆடு முழுதும் சுகம் என்று சொல்ல முடியாது. போன வாரம் பட்டிக்குள் ஓநாய் புகுந்துவிட்டது. ஒன்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அது தின்னவில்லை. கழுத்துக் கழுத்தாகக் கடித்துப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. ஷார்ஷென் துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பனி அள்ளும் மண்வெட்டியோடு உள்ளே போனேன். முதல் அடியில் முதுகு முறிந்தது. அதற்குப் பிறகும் அடித்தேனாம். "போதும்டி, அது செத்து ரொம்ப நேரமாச்சு"ன்னு அவர் வந்து கையைப் பிடித்தார். மண்வெட்டிக் காம்பு உடைந்துவிட்டது. வரும்போது நல்ல காம்பு ஒன்று வாங்கி வா.

உனக்கு அத்தான் ஒருத்தர்தான். அவர் இங்கே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் தைத்துக்கொண்டிருக்கிறார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அட்டைக்கு வேறு தலை கிடைக்கவில்லையா? ஆட்டுத்தலை வேண்டுமானால் சொல். இப்போது நிறைய இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் வந்தால் முதலில் தலைக்குக் குளி.

ஜூரா


பிஷ்கேக், 21 மார்ச்

அக்கா,

நீயும் உன் மந்தையும் சுகமாக இருக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் எழுதாமல் ஓநாய்க் கதை எழுதியிருக்கிறாய். முதலில் சிரித்தேன். பிறகு கட்டுரையைத் திரும்பப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பாவின் துக்கத்துக்கு நீ வரவே இல்லை. அம்மா இல்லாத வீடு அது, மூத்த மகள் நீ. துக்கக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முதல் ஒப்பாரியை நீதான் எடுத்திருக்க வேண்டும். உனக்காகத் திண்டு போட்டு இடம் விட்டு வைத்திருந்தோம். அண்ணன் ஒரோஸ்பாய் ரோட்டைப் பார்த்துப் பார்த்து, உடலை எடுப்பதை மாலை வரைக்கும் தள்ளிப் போட்டார். "ஜூராவுக்கு வர விருப்பம் இல்லை" என்று நகரத்தில் இருந்து தந்தி வந்ததும்தான் எடுத்தோம். நான்தான் ஒப்பாரி எடுத்தேன். எனக்கு வார்த்தையே தெரியாது. பக்கத்து வீட்டுக் கிழவிகள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கத்தினேன்.

அப்படியென்றால் இந்தக் கன்னம் எங்கே வைத்துக் கிழிக்கப்பட்டது? அத்தானின் பட்டறையிலா? விளக்கு வெளிச்சத்தில், அவருக்குக் காட்டுவதற்காகவா? நாற்பது நாள் கழித்து நீ வந்தபோது முகத்தில் கிழிசல் ஆறிக்கொண்டிருந்தது என்று அண்ணன் சொன்னார். "ஊருக்குக் காட்ட அங்கேயே அழுதுட்டு வந்திருக்கா"ன்னு அவர் கதவைச் சாத்தியபோது, பாவம் அக்கா என்றுதான் நினைத்தேன். இப்போது அவர் செய்தது சரி என்று படுகிறது. அப்பாவுக்குத் தர வேண்டிய ரத்தத்தை நீ ஒரு பொம்மைக்குக் கொடுத்திருக்கிறாய்.

சாய்ராகுல்


பிஷ்கேக், 30 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடுகள் குட்டி போடும் காலம், கை ஓய்ந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் இத்தனை நாள் நீ பேசாமல் இருந்ததில்லை. என் நாக்கு கொஞ்சம் நீளம், உனக்குத் தெரியாததா? திட்டியாவது எழுது.

கோப்புகளில் ஒரு விஷயம் உறுத்துகிறது. புத்தகத்தை எழுதித் தொகுத்தவர் லிதியா பாவ்லோவ்னா என்ற ரஷ்யப் பெண்மணி. இப்போது உயிரோடு இல்லை. மெய்ப்பு முழுவதும் பொறுமையாகத் திருத்தியிருக்கிறார். 'அழுகிறவள்' படம் வரும் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருக்கிறார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூடத் திருத்தவில்லை. காகிதப் பஞ்சத்துக்கு யாராவது இப்படிக் கோடு போடுவார்களா?

கண்காட்சிக்காகச் சிற்பத்தின் மூல அச்சைக் கிடங்கில் இருந்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் முகத்தின் மேல் பாரிஸ் சாந்து ஊற்றி எடுத்த அதே அச்சு. வந்த நாளில் இருந்து பெட்டியை யாரும் திறந்ததில்லையாம். அடுத்த வாரம் திறப்பேன்.

உன் தங்கை,
சாய்ராகுல்


பிஷ்கேக், 6 மே

அக்கா,

அச்சைத் திறந்தேன்.

உள்ளே உன் இமை முடிகள் சாந்தில் ஒட்டியபடியே இருக்கின்றன. கன்னத்துப் பக்கம் பழுப்பாகக் கறை ஊறிப் போயிருக்கிறது. உதட்டுக்கு நேரே ஏதோ சொரசொரத்தது, கல் என்று நினைத்து நகத்தால் நெம்பினேன். பல். கோரைப்பல், பாதி வேரோடு.

நீ சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாய். பல் போனதற்குக் குதிரை உதைத்தது என்று என்னிடம் சொன்னாய்.

நானும் துக்கக் கூடாரத்தில் உட்கார்ந்தவள்தான். நாம் கிழித்துக்கொள்ளும்போது இரண்டு கையும் கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைக்கு இறங்கும். இதில் ஒரு கன்னம்தான் கிழிந்திருக்கிறது. கோடுகள் காதில் இருந்து வாய்க்கு வருகின்றன, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். மனித விரலால் இப்படி இழுக்க முடியாது. அண்ணனுக்கு இது எப்படித் தெரியும், ஆண்கள் கூடாரத்துக்கு வெளியே நிற்கிறவர்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வருஷமாக இந்தத் தலையைத் தினமும் கடந்துதானே வேலைக்குப் போகிறேன்.

என்ன நடந்தது? சொல்ல மாட்டேன் என்றாலும் பரவாயில்லை, அதையாவது எழுது.

சாய்ராகுல்


அட்-பாஷி மேய்ச்சல், 24 மே

தங்கச்சிக்கு,

குட்டிகள் சுகம். நானும் சுகம்தான். இந்தக் கடிதத்தை ஷார்ஷென் பக்கத்தில் இருக்கும்போது எழுதுகிறேன். அவருக்கு எல்லாம் தெரியும். இவ்வளவு நாள் நீங்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. திட்டினீர்கள், திட்டுக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அப்பா போன தந்தி வந்த அன்று அவன் அந்தத் தலையைக் களிமண்ணில் பிசைந்துகொண்டிருந்தான். மாஸ்கோ கண்காட்சிக்கு. மூன்று தடவை உடைத்துவிட்டான், முகம் அமையவில்லை. நான் தந்தியைப் படித்துவிட்டு அழுதேன். அவன் என்னையே பார்த்தான்.

"அப்படியே இரு. அசையாத"ன்னான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன்.

"உங்க ஊர்ல பொம்பளைங்க கிழிச்சுக்குவாங்களே, அத இங்க செய். நான் பாக்கணும்."

"அது எங்கப்பா முன்னாடி செய்யறது. உனக்கு முன்னாடி செஞ்சா நீ செத்தமாதிரி அர்த்தம். செய்யட்டுமா?"

நான் அப்படித்தான் கேட்டேன், என் வாயும் சும்மா இருந்ததில்லை. அவன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். முதல் குத்து தாடையில். விழுந்தேன். மார்பு மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். களிமண்ணை வழிக்கிற இரும்புச் சுரண்டி, நுனியில் பல் பல்லாக இருக்குமே, அதை எடுத்துக் காதுப் பக்கம் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். அவசரமே இல்லாமல் செய்தான். களிமண்ணை எப்படி இழுப்பானோ அப்படி இழுத்தான். எனக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை.

பிறகு சாந்து கரைத்து ஊற்றினான். சாந்து இறுகும்போது சூடாகும், தெரியுமா? பச்சைப் புண் மேல் சூடு. மூச்சுக்கு மூக்கில் இரண்டு குழல் வைத்தான், அந்த அளவுக்கு அவன் நல்லவன். கத்தக்கூட முடியவில்லை, வாய் நிறைய சாந்து. அச்சைப் பிடுங்கியபோது ஆடிக்கொண்டிருந்த பல்லும் கூடவே போனது. அவன் அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டான். அதற்குப் பிறகு தபால் ஆபீஸுக்குப் போய் உங்களுக்கு அந்தத் தந்தியை அடித்தான்.

நடக்க முடிந்ததும் ஊருக்கு வந்தேன். அண்ணன் என் கன்னத்தைப் பார்த்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார். சாத்திய கதவிடம் கதை சொல்ல எனக்குத் தெரியாது.

லிதியா பாவ்லோவ்னா அவன் சொன்னதை நம்பித்தான் கட்டுரை எழுதியிருந்தாள், மெய்ப்போடு பட்டறைக்கு வந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். சுரண்டி மேஜை மேலேயே கிடந்தது. தன் கழுத்துத் துணியை அவிழ்த்து என் முகத்தில் கட்டினாள், டீயில் நிறைய சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டியது அவள்தான். நல்ல மனுஷி. ஆனால் போலீஸ் ஸ்டேஷன் அவள் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. ஒரு எட்டு வைத்திருக்கலாம்.

புத்தகம் வரட்டும், போகட்டும், எனக்கு ஒன்றுமில்லை. கோச்கோர் சந்தையில் என் முகத்தை நிற்க வைக்காதே. அப்பாவை அழ வராதவள் என்று சொன்ன ஊர், அந்த முகத்துக்குக் கீழே நின்று உருளைக்கிழங்கு விலை பேசும். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

ஜூரா


பிஷ்கேக், 3 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தை அடித்தளத்தில் உட்கார்ந்து படித்தேன். சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. மார்ச்சில் நான் எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

அந்த வருஷம்தான் சாதிக்பெக் சிபாரிசில் நான் கல்லூரியில் சேர்ந்தேன், பிறகு இந்த வேலை. நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நீ வெளியே சொல்லாதது எனக்காகவும்தான் என்று நானே கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

இயக்குநரிடம் பல்லைக் கொண்டுபோய் வைத்தேன். உன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

"புருஷன் பெண்டாட்டி விவகாரம், பதினோரு வருஷம் ஆச்சு. அதுக்கு இப்ப என்ன?"ன்னார்.

"அது சிற்பம் இல்ல சார், காயம்."

"காயமோ என்னமோ, மாஸ்கோல பரிசு வாங்கியிருக்கு. அமைச்சர் வரார். நீ அந்தப் பல்ல எடுத்துட்டுப் போம்மா, இங்க சாப்பிடற மேஜ."

விழா பதினெட்டாம் தேதி. அன்றைக்குத்தான் கோச்கோருக்குப் பரிசை அறிவிக்கிறார்கள். அண்ணனையும் ஊர் சார்பில் மாலை போட அழைத்திருக்கிறார்கள், அவரும் வருகிறார். பட்டறைக் கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என் வேலை. அந்தச் சுரண்டியும் வந்திருக்கிறது. நீயும் வாயேன்.

சாய்ராகுல்


அட்-பாஷி மேய்ச்சல், 10 ஜூன்

தங்கச்சிக்கு,

மந்தை மேல் மேய்ச்சலுக்கு ஏறிவிட்டது, நான் வர முடியாது. வர முடிந்தாலும் வர மாட்டேன். அவனைப் பார்த்தால் என் கை மண்வெட்டியைத் தேடும்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். அவனுக்கு வயதாகிவிட்டது என்று நம்பாதே. அவன் முதல் அடி எப்போதும் தாடைக்கு. வலது தோள் லேசாகப் பின்னால் போகும், அப்போதே தலையைக் குனிந்துவிடு. கீழே விழுந்தால் எழுந்திருக்கப் பார்க்காதே, உருண்டு விலகு.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்று அழுகையாக வருகிறது.

ஜூரா


பிஷ்கேக், மருத்துவமனை, 28 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

குதிரை, ஆடு, குட்டிகள் சுகமா? அத்தான் சுகமா? நான் பிழைத்துக் கிடக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன். உன் கடிதம் விழா அன்று காலையில்தான் கிடைத்தது.

கூடம் நிறைய ஆட்கள். அமைச்சர், தொலைக்காட்சிக் கேமரா, பூக்கள். அண்ணன் உயரத் தொப்பியும் மாலையுமாக முதல் வரிசையில். நடுவில் 'அழுகிறவள்'. சாதிக்பெக் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியோடு, நம் அப்பாவின் மரணம் தனக்குள் எப்படிச் சிற்பமானது என்று பேசினார். கைதட்டினார்கள். நான் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சுரண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சிற்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு சந்தேகம்"ன்னேன். "எங்க ஊர்ல மேலேர்ந்து கீழ கிழிச்சுக்குவோம். இது ஏன் குறுக்க போகுது?"

சொல்லிவிட்டுச் சுரண்டியை அந்தக் கன்னத்தில் வைத்தேன். அக்கா, பற்கள் எல்லாம் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. காதில் இருந்து வாய் வரைக்கும் இழுத்தேன், தண்டவாளத்தில் போகிற மாதிரி போயிற்று. கூடத்தில் இருந்த பெண்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். ஒருத்தி "ஐயோ"ன்னு முகத்தைப் பொத்தினாள். நான் பல்லை எடுத்துப் பீடத்தின் மேல் வைத்தேன்.

வலது தோள் பின்னால் போனது. பார்த்தேன். நான் குனியவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நிமிர்ந்து நின்றேன்.

தாடை பிழைத்தது, கைத்தடி தோளில் இறங்கியது. கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த பிறகும் அடித்தார். கையால் தடுத்தேன், கை முறிந்தது. "உங்கக்கா மாதிரியே வாய்!"ன்னு கத்தினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை, அமைச்சரின் காவலாள்கூட. அண்ணன்தான் பாய்ந்தார். கழுத்தில் போட வைத்திருந்த மாலையை எறிந்துவிட்டு, அதே கைத்தடியைப் பிடுங்கி, ஆறு பேர் சேர்ந்து இழுக்கும் வரைக்கும் அடித்தார். சாதிக்பெக் இப்போது எனக்கு மேல் மாடியில் படுத்திருக்கிறார், வாசலில் போலீஸ். அண்ணன் மேலும் வழக்கு இருக்கிறது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

வெண்கலம் வார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். புத்தகமும் திரும்ப அலமாரிக்குப் போய்விட்டது. இம்முறை காரணத்தைக் காகிதப் பஞ்சம் என்று எழுத நான் விடவில்லை. நடந்தது நடந்தபடி எழுதிக் கோப்பில் வைத்துவிட்டேன், கீழே என் பெயரும் போட்டிருக்கிறேன்.

அண்ணன் நேற்று என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவ அன்னிக்கு வாயத் தொறந்தாளா, இல்ல அதுக்கு முன்னாடியே நான் கதவச் சாத்திட்டனா?" அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பல் என்னிடம்தான் இருக்கிறது, கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
சாய்ராகுல்


அட்-பாஷி மேய்ச்சல், 9 ஜூலை

சாய்ராகுலுக்கு,

குதிரை சுகம், ஆடு சுகம், குட்டிகள் கொழுத்துவிட்டன. நீ ஒரு முட்டாள். குனி என்று எழுதினேனா இல்லையா? உன் கடிதத்தை ஷார்ஷென் வாசித்துக் காட்டினார், நான் பால் கறந்துகொண்டே கேட்டேன். கறந்த பாலெல்லாம் மண்ணில் போயிற்று.

எலும்பு கூடினதும் கோச்கோருக்கு வா. நான் ஆகஸ்டில் இறங்கி வருகிறேன். துக்கம் முடிந்து வருஷப் பந்தியும் போட்டபிறகு ஒப்பாரி கூடாது என்பது நம் வழக்கம், எனக்கும் தெரியும். நான் இன்னும் தொடங்கவே இல்லையே, எனக்கு எப்படி முடியும்? வாய்க்கால் பாலத்தில் இருந்தே கத்திக்கொண்டு வருவேன். யாருக்குப் பிடிக்கவில்லையோ காதைப் பொத்திக்கொள்ளட்டும். நீ ஒப்பாரி எடுக்காதே, உனக்குத்தான் வார்த்தை தெரியாதே. எனக்கு எல்லாம் தெரியும், அத்தனையும் அப்படியே இருக்கிறது.

எனக்கு விட்டு வைத்த இடத்தில் அந்தத் திண்டை மறுபடி போடச் சொல். கூடாரம் வேண்டாம், சுவர் போதும்.

பல்லைத் தொலைத்துவிடாதே. அப்பாவின் தலைமாட்டில் ஒரு சின்னக் குழி தோண்ட வேண்டும். அன்றைக்கு நான் முழுசாக வர முடியவில்லை, கொஞ்சமாவது அவரிடம் போய்ச் சேரட்டும்.

அண்ணனிடம் இதைச் சொல். அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன், 'அண்ணா' என்று பாதி சொல்லியிருந்தேன். மீதியை வந்து சொல்கிறேன். கதவைத் திறந்து வைத்தால் போதும்.

மண்வெட்டிக் காம்பை மறந்துவிடாதே.

உன் அக்கா,
ஜூரா